முன்கண்ணாடிக் கேமரா: வாங்கும் முன்பும் மாட்டிய பின்பும்

சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூருக்குள் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு டேஷ் கேமரா எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. சம்பள நாள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து கம்பெனிகள் விடும் நேரம். பி.என். ரோடு, குமரன் ரோடு, பல்லடம் ரோடு எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பும். பெட்ரோல் டேங்க் மேல் ஒரு பனியன் கட்டு, பின்சீட்டில் குறுக்கே இன்னொன்று என்று காரின் அகலத்துக்கு வரும் டூவீலர்கள், துணி ரோல் ஏற்றிய 'சின்ன யானை' மினி லாரிகள், எதிர்த்திசையில் வரும் சைக்கிள்கள், கும்பலாக ரோட்டைக் கடக்கும் தொழிலாளர்கள். இதில் யாராவது உங்கள் பம்பரை உரசி விழுந்தால் கூட்டம் கூடும்போதே தீர்ப்பும் ஆகிவிடும். எது பெரிய வண்டியோ அதன் மேல்தான் தப்பு. "ஏனுங்ணா, கார்ல போறீங்க, ஒரு அஞ்சாயிரம் குடுத்து அனுப்பி வைங்க" என்று நாலு பேர் நியாயம் சொல்வார்கள். யார் திரும்பினார், யார் சிக்னல் போட்டார், யார் செல்போன் பேசிக்கொண்டு வந்தார் என்று பார்த்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

கேமரா விபத்தைத் தடுக்காது. நடந்ததைச் சொல்லும், அவ்வளவுதான். அதுவும் உங்கள் பக்கம் மட்டும் நின்று சொல்லாது. நீங்கள் 40-இல் போக வேண்டிய தெருவில் 70-இல் போயிருந்தால் அதையும் சேர்த்தே சொல்லும். இதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

கடைக்குப் போனால் பெட்டியில் அச்சிட்ட 4கே, 170 டிகிரி, செயற்கை நுண்ணறிவு என்பதை எல்லாம் வாசித்துக் காட்டுவார்கள். அதில் பாதி நமக்குத் தேவையில்லை. நம் வெயிலில் அது பிழைக்குமா, ராத்திரியில் நம்பர் பிளேட் படிக்க வருமா, தேவைப்படும் நாளில் அந்தப் பதிவு கார்டில் மிஞ்சி இருக்குமா என்று பார்த்தால் போதும். கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான கேமராக்கள் தோற்கின்றன. அதில் கேமராவின் தவறைவிட உடையவரின் தவறே அதிகம்.

வெயில்

கம்பெனி வாசலில் நிழல் கிடைப்பது முதலாளி வண்டிக்கு மட்டும். மற்ற கார்கள் காலை ஒன்பது முதல் மாலை வரை கண்ணாடி ஏற்றியபடி வெட்டவெளியில் நிற்கும். சித்திரை, வைகாசியில் அப்படி நிற்கும் காரின் டாஷ்போர்டு மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தொடுவது அதிசயமில்லை. கேமரா ஒட்டியிருப்பதோ அதற்கு நேர் மேலே, கண்ணாடியில்.

கார் ஓடும்போது கேமராவுக்கு வண்டியிலிருந்து கரண்ட் வருகிறது. பிறகு எதற்கு அதற்குள் ஒரு பேட்டரி? கரண்ட் திடீரென்று நின்றால், அதாவது மோதிய அதிர்ச்சியில் ஒயர் பிடுங்கிக்கொண்டால், அந்த நொடி வரை எடுத்த கோப்பை முறையாக எழுதி மூட இரண்டு மூன்று நொடி சக்தி வேண்டும். நமக்கு மிகவும் வேண்டிய கோப்பே அதுதான். விலை குறைந்த மாடல்களில் இந்த வேலைக்குச் சிறு லித்தியம் பேட்டரி வைக்கிறார்கள். லித்தியம் பேட்டரியை 60 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. நம் ஊரில் ஒரு கோடை தாண்டுவதற்குள் அது உப்பிவிடும். கேமராவின் முதுகு மூடி பிளந்து நிற்பதைப் பல டாக்ஸிகளில் பார்க்கலாம். நல்ல மாடல்களில் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் இருக்கும். அதிக நேரம் சக்தியைச் சேர்த்து வைக்க அதற்குத் தெரியாது, ஆனால் வெயிலை மிக நன்றாகத் தாங்கும்.

ஆகவே கடையில் முதல் கேள்வி: "இதுல இருக்கறது பேட்டரிங்களா, கெபாசிட்டருங்களா?" தெரியாது என்று சொன்னால் பெட்டியில் தேடுங்கள். கெபாசிட்டர் இருந்தால் அதைப் பெருமையாகப் போட்டிருப்பார்கள். போடவில்லை என்றால் பேட்டரி என்றே எடுத்துக்கொள்ளலாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வாங்க வேண்டாம். இந்த அத்தியாயத்தில் விதிவிலக்கே இல்லாமல் சொல்வது இது ஒன்றைத்தான்.

ஸ்டாண்டைக் கண்ணாடியில் பிடித்து வைத்திருக்கும் பசையையும் பாருங்கள். வெற்றிடத்தில் பிடிக்கும் ரப்பர்க் கிண்ணம் மத்தியான வெயிலில் விட்டுவிடும். இரட்டைப் பக்கப் பசை டேப் உள்ளதே நல்லது. ஒட்டும் முன் கண்ணாடியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காய விட்டு, நிழலில் ஒட்டுங்கள்.

நம்பர் பிளேட் கணக்கு

பெட்டியில் உள்ள 4கே, 1080பி எல்லாம் உண்மையில் என்ன தரும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 1080பி படத்தின் அகலம் 1920 புள்ளிகள். லென்ஸ் அகலவாக்கில் 120 டிகிரி பார்க்கிறது என்று வைத்துக்கொண்டால் டிகிரிக்கு 16 புள்ளி. கார் நம்பர் பிளேட்டின் அகலம் 50 சென்டிமீட்டர். 10 மீட்டர் தூரத்தில், அதாவது இரண்டு கார் நீளத்துக்குச் சற்று மேல், அந்தப் பிளேட் கேமராவின் கண்ணுக்கு மூன்று டிகிரிகூட இருக்காது. மொத்தப் பிளேட்டும் 46 புள்ளிக்குள் அடங்கிவிடும். அதில் பத்து எழுத்தும் எண்ணும். ஒன்றுக்கு நாலரைப் புள்ளி. இந்த அளவில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியாது. டி.என். 39-ஆ, டி.என். 33-ஆ என்பது அவரவர் கற்பனை.

எழுத்துக்கு எட்டு ஒன்பது புள்ளி கிடைத்தால் கண் படித்துவிடும். 1080பி கேமராவில் அது 5 மீட்டருக்குள்தான் கிடைக்கும். 1440பி என்றால் ஏறத்தாழ 7 மீட்டர். உண்மையான 4கே என்றால் 10 மீட்டர். டூவீலரின் பின் பிளேட் 200-க்கு 100 மில்லிமீட்டர். இரண்டு வரியாக எழுதுவதால் எழுத்தின் அளவு காருக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். ஆனால் பனியன் கட்டு அதன்மேல் தொங்கிக்கொண்டிருந்தால் எந்தக் கேமராவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதிலிருந்து இரண்டு விஷயம் பிடிபடும். அகலக் கோணம் கூடக்கூட ஒவ்வொரு டிகிரிக்கும் கிடைக்கும் புள்ளி குறைகிறது. 170 டிகிரி என்று பெருமையாகப் போட்டிருக்கும் கேமராவில் எதிரில் உள்ள வண்டி பொம்மை போலச் சிறுத்துத் தெரிவது இதனால்தான். பெட்டியில் போடுவது பெரும்பாலும் மூலைக்கு மூலை அளந்த கோணம். அந்தக் கணக்கில் 130 முதல் 140 வரை இருந்தால் போதும். இரண்டாவது, 4கே என்று எழுதியதெல்லாம் 4கே அல்ல. அதற்கு 80 லட்சத்துக்கு மேல் புள்ளிகள் உள்ள சென்சார் வேண்டும். சோனியின் ஐஎம்எக்ஸ் 335 என்ற சென்சார் 5 மெகாபிக்ஸல்தான். அதை வைத்துக்கொண்டு படத்தை இழுத்துப் பெரிதாக்கி 4கே என்று விற்கும் மாடல்கள் உண்டு. ஐஎம்எக்ஸ் 678 என்றால் உண்மையிலேயே 8 மெகாபிக்ஸல். சென்சாரின் எண்ணைச் சொல்லாத கம்பெனியின் 4கே-யை நம்பாதீர்கள். நேர்மையான 1440பி, பொய்யான 4கே-யைவிட மேல்.

ராத்திரி கதை வேறு. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் கண்ணை அதிக நேரம் திறந்து வைக்கும். நொடியில் 30-இல் ஒரு பங்கு என்று வையுங்கள். எதிரெதிரே 40 வேகத்தில் வரும் இரண்டு வண்டிகள் அந்த நேரத்துக்குள் ஒன்றையொன்று நோக்கி 70 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். பக்கத்தில் கடக்கும்போது பிளேட் முழுவதும் வெறும் கோடாக இழுபடும். போதாததற்கு, 2019 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளில் உள்ள உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் ஹெட்லைட் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும். படத்தில் அது வெள்ளைச் செவ்வகமாகத் தெரியும். அதிக வெளிச்சத்தையும் இருட்டையும் சமன்செய்யும் எச்.டி.ஆர். வசதி உள்ள கேமரா இதைக் கொஞ்சம் சமாளிக்கும். சோனியின் ஸ்டார்விஸ் 2 வகைச் சென்சார்கள் ராத்திரியில் முந்தைய தலைமுறையைவிட நன்றாகவே எடுக்கின்றன. ஆனாலும் காங்கயம் ரோட்டில் ராத்திரி பத்து மணிக்கு எதிரே வந்து இடித்துவிட்டுப் போகும் டெம்போவின் நம்பரை எல்லா நேரமும் பிடித்துத் தரும் கேமரா எந்த விலையிலும் கிடையாது.

அதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. கேமராவின் மைக்கை அணைக்காதீர்கள். ஒரு வண்டி இடித்துவிட்டு ஓடினால் உங்கள் கண்ணில் பட்ட நம்பரை உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். பாதி நம்பர் என்றாலும் சொல்லுங்கள். வண்டியின் நிறம், பின்னால் எழுதியிருந்த ஊர்ப் பெயர், ஏற்றியிருந்த லோடு எல்லாவற்றையும் சொல்லுங்கள். படத்தில் விழாதது குரலில் விழும். ஐந்து நிமிடம் கழித்து ஞாபகத்திலிருந்து சொல்வதைவிட அது உறுதியானது. மற்ற நேரத்தில் காருக்குள் பேசும் குடும்பச் சண்டையும் பதிவாகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கார்டு

கேமராவை எண்ணாயிரத்துக்கு வாங்கிவிட்டு, பழைய செல்போனிலிருந்து கழற்றிய மெமரி கார்டைப் போடுகிறவர்கள் நம்மில் நிறைய. இந்த வேலை அந்தக் கார்டுக்கு ஆகாது. செல்போனில் எழுதுவது கொஞ்சம், படிப்பது அதிகம். கேமராவிலோ ஓயாமல் எழுத்து, நிரம்பியதும் பழையதை அழித்துத் திரும்ப எழுத்து. சாதாரணக் கார்டு இதில் சில மாதங்களில் தேய்ந்துபோகும். கேமராவில் பயன்படுத்தினால் வாரன்டி கிடையாது என்று சாதாரணக் கார்டுகளுக்குச் சில நிறுவனங்கள் வெளிப்படையாகவே விதி வைத்திருக்கின்றன. 'ஹை எண்டூரன்ஸ்' என்று போட்ட கார்டைத் தெரிந்த கடையில், பில்லோடு வாங்குங்கள். ஆன்லைனில் பாதி விலைக்கு வரும் 256 ஜி.பி. கார்டுகளில் போலி நிறைய. 32 ஜி.பி. கார்டைத் திருத்தி 256 என்று காட்ட வைத்திருப்பார்கள். நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும்.

எத்தனை ஜி.பி. வேண்டும்? 1440பி கேமரா நொடிக்கு 20 மெகாபிட் எழுதுகிறது என்றால் மணிக்கு 9 ஜி.பி. ஆகும். 64 ஜி.பி. கார்டில் ஏழு மணி நேரம். பின் கேமராவும் சேர்ந்து 30 மெகாபிட் ஆனால் மணிக்கு 13 ஜி.பி.க்கு மேல், 128 ஜி.பி. கார்டில் ஒன்பது மணி நேரம் சொச்சம். வீட்டிலிருந்து கம்பெனிக்கும் அவிநாசிக்கும் போய்வரும் காருக்கு இது ஒரு வாரம் தாங்கும். ஆனால் காலையில் நூல் எடுத்து, நிட்டிங்கில் இறக்கி, சாயப்பட்டறைக்குத் துணி கொண்டுபோய், அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங் என்று நாள் முழுக்கச் சுற்றும் கம்பெனி வண்டிக்கு ஒன்பது மணி நேரம் என்பது ஒரு நாள்கூட இல்லை. நேற்று மத்தியானம் மங்கலம் ரோட்டில் நடந்ததை இன்று சாயங்காலம் தேடினால் இருக்காது. அப்படிப்பட்ட வண்டிக்கு 256 ஜி.பி.க்குக் குறையாமல் போடுங்கள். கேமரா அந்த அளவை ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்; பல மாடல்கள் 128-உடன் நின்றுவிடும்.

மோதல் நடந்தால் அந்தக் கோப்பு தானாகப் பூட்டிக்கொள்ளும், அழியாது என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான். கேமராவுக்குள் அதிர்ச்சியை உணரும் ஜி-சென்சார் உண்டு. ஆனால் குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டி மூடிய நம் தெருக்களில், அளவு வைக்காமல் போட்ட வேகத்தடைகளில், அது ஒவ்வொரு குலுக்கலையும் விபத்து என்று நினைத்துப் பூட்டும். பூட்டிய கோப்புகளுக்குக் கார்டில் ஒரு பங்கு இடம்தான். அது பள்ளம் மேடுகளால் நிரம்பிவிட்டால், மாடலைப் பொறுத்து, பழைய பூட்டுகளை அழிக்கும் அல்லது புதிதாகப் பூட்ட மறுக்கும். சில கேமராக்கள் பதிவையே நிறுத்திவிட்டு ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கை மட்டும் எரித்துக்கொண்டிருக்கும். அதை யாரும் பார்க்கமாட்டார்கள். வாங்கிய அன்றே ஜி-சென்சாரை 'லோ'வில் வையுங்கள். மாதம் ஒருமுறை, வேண்டிய கோப்பு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கேமராவிலேயே கார்டை ஃபார்மேட் செய்யுங்கள். மாதத்தின் முதல் தேதி என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று அதே நாளில் பாருங்கள். இது சின்ன விஷயம் அல்ல. சீனாவில் தயாராகும் கேமராக்களில் அந்நாட்டு நேரமே முதலில் இருக்கும். நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால். மாலை ஆறு மணி விபத்தின் பதிவில் இரவு எட்டரை என்று ஓடினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு எதுவும் வேண்டாம். ஜி.பி.எஸ். உள்ள மாடல் நேரத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளும், நேர மண்டலத்தை மட்டும் நாம் ஐந்தரை என்று வைத்துவிட வேண்டும். இல்லாத மாடலில் கெபாசிட்டர் காலியாகி நேரம் பழைய வருடத்துக்குப் போய்விடுவதும் உண்டு.

மற்ற வசதிகளில் எது வேண்டும்

பின் கேமரா வேண்டும். சிக்னலில் நின்றிருக்கும்போது பின்னால் வந்து இடிப்பது நம் ஊரில் தினம் நடப்பது. அதற்கு 1080பி போதும், இடிப்பவர் பக்கத்தில்தான் இருக்கிறார். பின் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் ராத்திரியில் அந்தக் கேமரா குருடு. முன், பின் கண்ணாடியில் 70 சதவீத வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. அதைக் காட்டி உச்ச நீதிமன்றம் 2012-இல் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஜி.பி.எஸ். இருபக்கமும் வெட்டும். படத்தின் ஓரத்தில் வேகம் ஓடும். ஒழுங்காக ஓட்டுகிறவருக்கு அதைவிட நல்ல துணை இல்லை. மற்றவர்கள் முதலில் ஓட்டுவதைத் திருத்திக்கொள்ளட்டும்.

நிறுத்தி வைத்த வண்டியைக் காவல் காக்கும் பார்க்கிங் மோட் பற்றி ஆசையாகக் கேட்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. வெயிலில் நிற்கும் காரில் கேமராவையும் ஓட விட்டால் அதன் ஆயுள்தான் குறையும். அதற்கு ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து தனி இணைப்பு வேண்டும், கேமரா 0.3 ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணிக்கு மேல். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இரண்டு நாள் என்பது பெரிய சுமை. வீட்டுக்கு முன் தெருவில் ராத்திரி நிறுத்த வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் மட்டும் போடுங்கள். வோல்டேஜ் இறங்கினால் தானாக அணையும் வசதியுள்ள கிட் வாங்கி, அணையும் அளவை 12.2 வோல்ட் அருகில் வையுங்கள். சின்ன யானைக்கு 12 வோல்ட் கிட் போதும். பெரிய லாரிகளுக்கு 24 வோல்ட்; கிட் அதை ஏற்குமா என்று பார்க்க வேண்டும்.

லேன் மாறுகிறீர்கள், முன் வண்டிக்கு நெருக்கமாகப் போகிறீர்கள் என்று கத்தும் வசதி செங்கப்பள்ளி நெடுஞ்சாலையில் ஒருவேளை உதவலாம். புஷ்பா தியேட்டர் ஸ்டாப் அருகே அது வாய் மூடாது. அணைத்து வையுங்கள்.

ஹூண்டாய் வென்யூ என் லைன், எக்ஸ்டர் போன்ற கார்களில் கம்பெனியே உள்ளேயும் வெளியேயும் பார்க்கும் கேமராவைப் பொருத்தித் தந்தது. அப்படி வந்திருந்தால் புதிதாக வாங்க வேண்டாம். ஆனால் கார்டு, நேரம், ஜி-சென்சார் பற்றிச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். பள்ளிப் பேருந்துகளுக்குத் தமிழ்நாடு அரசு 2022-இல் கட்டாயமாக்கிய முன், பின் கேமராக்கள் வேறு வகை. டிரைவரின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குழந்தை நிற்கிறதா என்று பார்ப்பதற்கானவை அவை. "ஸ்கூல் பஸ்ஸுக்குப் போடறதுதானுங்க இது" என்று யாராவது விற்க வந்தால் பதிவு செய்யுமா என்று கேளுங்கள்.

விலை அடிக்கடி மாறும். ஆனாலும் ஒரு மதிப்புக்கு: கெபாசிட்டர் வைத்த 1080பி ஒற்றைக் கேமரா மூவாயிரம் நாலாயிரத்தில் தொடங்குகிறது. 1440பி முன் கேமராவும் பின் கேமராவும் ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்து எட்டாயிரம் முதல் பன்னிரண்டாயிரம் வரை. திருப்பூர்க் காருக்கு நான் சொல்வது இந்த வரிசை. 70மை, டிடிபாய், க்யூபோ, வியோஃபோ என்று பெயர்கள் பல. பெயரைவிட கோயம்புத்தூரிலாவது சர்வீஸ் உண்டா, பழுதானால் எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டு வாங்குவது மேல்.

மாட்டும் வேலை

நடுக் கண்ணாடிக்குப் பின்னால், இடதுபுறம், வைப்பர் துடைக்கும் எல்லைக்குள் கேமரா இருக்க வேண்டும். வைப்பர் எட்டாத மூலையில் ஒட்டினால் மழை நாளில் தண்ணீர்ச் சொட்டைத்தான் படம் எடுக்கும். ஒயரைக் கண்ணாடியின் மேல் விளிம்புக்குள் செருகி, ஓரத் தூண் வழியாக இறக்குவார்கள். உங்கள் காரில் அந்தத் தூணில் 'ஏர்பேக்' என்று எழுதியிருந்தால், ஒயர் ஏர்பேக்குக்குப் பின்னால் போக வேண்டும், முன்னால் அல்ல. முன்னால் போட்டால் ஏர்பேக் விரியும்போது ஒயரும் கேமராவும் முகத்துக்கு வரும். மாட்டுகிறவர் அவசரப்பட்டால் நில்லுங்கள் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

நடுக் கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சை மிளகாய் மாலையும் மல்லிகைச் சரமும் கேமராவின் குறுக்கே ஊசலாடும். டாஷ்போர்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையார் பகலில் முன்கண்ணாடியில் நிழலாகத் தெரிவார். வெள்ளைத் துணி விரித்திருந்தால் படம் முழுவதும் வெளுக்கும். பிள்ளையாரை எடுக்கச் சொல்லவில்லை. கறுப்பு விரிப்பில் கொஞ்சம் இடதுபுறம் தள்ளி வைத்தால் இருவருக்கும் சிரமமில்லை. டாஷ்போர்டுக்குப் பளபளப்பு பாலிஷ் போடுவதை நிறுத்துங்கள்.

கேமராவின் வைஃபை கடவுச்சொல் வாங்கும்போது பெரும்பாலும் 12345678 என்றே இருக்கும். மாற்றிவிடுங்கள். பக்கத்து வண்டிக்காரர் உங்கள் பயணங்களை இறக்கிப் பார்க்கத் தேவையில்லை.

கம்பெனி வண்டிகளுக்குத் தனியாக ஒன்று. டிரைவர் கேபினையும் பார்க்கும் கேமரா வைப்பதென்றால் டிரைவருக்குச் சொல்லிவிட்டு வையுங்கள். எதற்காக, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். பெண் தொழிலாளர்களை ஏற்றிவரும் வேனில் உள்பக்கக் கேமரா வைத்தால் அதன் பதிவை யார் எடுக்கலாம் என்று எழுதியே வையுங்கள். மேனேஜரின் செல்போனில் அது இருக்கக் கூடாது. இன்னொன்று, டிரைவரை வேவு பார்க்கவே கேமரா என்று ஆகிவிட்டால் அவர் முதல் வேலையாகச் சாக்கெட்டிலிருந்து ஒயரைப் பிடுங்குவார். சென்ற மாதம் எதிர்த்திசையில் வந்து இடித்தவரிடமிருந்து இதே கேமரா அவரைக் காப்பாற்றியது என்றால் அவரே அதைத் துடைத்து வைப்பார்.

நடந்த பிறகு

2020 பிப்ரவரி 20 விடியற்காலையில் அவிநாசி அருகே, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போன கேரள அரசுப் பேருந்தின் மேல், எதிர்ப்பக்கத்திலிருந்து நடுத் தடுப்பைத் தாண்டி வந்த டைல்ஸ் கன்டெய்னர் லாரி மோதியது. 19 பேர் இறந்தார்கள். டயர் வெடித்ததா, டிரைவர் கண்ணயர்ந்தாரா என்று அன்று இரண்டு விதமாகப் பேசினார்கள். ஒரு விபத்தில் இழப்பீடும் தண்டனையும் இப்படிப்பட்ட ஒரு கேள்வியின் பதிலில் தொங்கி நிற்கும். சிறிய விபத்திலும் அப்படியே. தப்பில் உங்கள் பங்கு எவ்வளவு, எதிராளி பங்கு எவ்வளவு என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பிரித்துப் பார்க்கும்.

ரஷ்யாவில் இன்சூரன்ஸ் தகராறுகளுக்காகவே ஊர் முழுக்கக் காரில் கேமரா மாட்டினார்கள். 2013-இல் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேல் விண்கல் வெடித்தபோது உலகம் பார்த்த படங்களில் பல அந்தக் கார்களிலிருந்து வந்தவை. ஜெர்மனியில் ஓயாமல் பதிவு செய்வதே தனியுரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்றார்கள். ஆனாலும் விபத்து வழக்கில் அதைச் சான்றாக ஏற்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்புச் சொன்னது. நம் நாட்டில் தனியார் கார் கேமராவுக்குக் கட்டாயமும் இல்லை, தடையும் இல்லை. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த 167ஏ விதியில் டாஷ்போர்டு கேமராவும் வருகிறது, ஆனால் அது விதிமீறலைப் பிடிக்க அரசு வைக்கும் கருவிகளின் பட்டியல்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் அடிபட்டவரைக் கவனியுங்கள்; 108-ஐ அழையுங்கள். அடுத்து, கேமராவை அணைத்துக் கார்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கேமரா ஓடிக்கொண்டே இருந்தால் பழையதின் மேல் எழுதிக்கொண்டே போகும். கூட்டத்தின் நடுவே "என்கிட்ட கேமரா இருக்குது" என்று சத்தம் போடாதீர்கள். கோபத்தில் இருப்பவர்களுக்கு அது சவாலாகத் தெரியும். கேமராவையே பிடுங்கி எறிந்த சம்பவங்கள் உண்டு. ஸ்டேஷனில் சொல்லுங்கள்.

கோர்ட்டுக்குப் போகும் என்று தோன்றினால் கார்டை அப்படியே வைத்துவிடுங்கள். அதில் வேறு எதுவும் எழுதக் கூடாது, கம்ப்யூட்டரில் ஒரு பிரதி மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வெட்டி, ஒட்டி, சிவப்பு வட்டம் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோ கோர்ட்டில் நிற்காது. அனுப்பும்போதே அதன் தரமும் குறைந்துவிடும், உள்ளே இருந்த நேரத் தகவலும் போய்விடும். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துவிட்டது. மின்னணுப் பதிவோடு கோர்ட்டில் தர வேண்டிய சான்றிதழ், முன்பு 65பி சான்றிதழ் என்று வக்கீல்கள் சொன்னது, இப்போது 63-ஆம் பிரிவில் இருக்கிறது. சான்றிதழுக்கு இரண்டு பகுதி: ஒன்றைக் கருவிக்குரியவர் தர வேண்டும், மற்றதை நிபுணர் தர வேண்டும். கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். பிரதியை எடுத்த அன்றே அந்த எண்ணைக் கணக்கிட்டுக் குறித்து வைத்தால் பின்னால் யாரும் கைவைத்ததாகச் சொல்ல முடியாது. இதற்குச் செலவில்லாத மென்பொருள்கள் உண்டு. கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பி இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவார்.

பதிவு உங்களுக்கு எதிராக இருந்தால்? அழித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விசாரணையில் கேட்கக்கூடிய மின்னணுப் பதிவை அதைத் தடுப்பதற்காகவே அழிப்பது தனிக் குற்றம். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 241-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று முதலில் வக்கீலிடம் பேசுங்கள்.

போலீஸ் கார்டைக் கேட்டால் கொடுங்கள், ஆனால் கைப்பற்றிய மகஜரின் நகலை வாங்காமல் வராதீர்கள். அதில் கார்டின் நிறுவனம், அளவு, அதன் முதுகில் உள்ள எண் எல்லாம் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கார்டு திரும்பி வர மாதங்கள் ஆகலாம். வண்டியோ நாளைக் காலை ரோட்டில் ஓடியாக வேண்டும். அதனால் கேமரா வாங்கும்போதே இரண்டு கார்டாக வாங்கி, இரண்டாவதையும் ஒருமுறை கேமராவில் போட்டு ஃபார்மேட் செய்து, ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்ஸ் காகிதமும் இருக்கும் உறையிலேயே போட்டு வையுங்கள்.